சித்திரசபைச் சுவரில் நின்ற அக்கா

தலையில் தேய்த்த நல்லெண்ணெய் அருவித் தண்ணீரில் முழுதாகப் போகாமல் நனைந்த சேலையின் ஈரத்தோடு கலந்து ஒரு வாடை அடிக்குமே, குற்றாலத்துச் சித்திரசபை என்றால் எனக்கு முதலில் அந்த வாடைதான் நினைவுக்கு வரும். படங்களெல்லாம் அதற்குப் பிறகுதான். ஊர் உலகமெல்லாம் கொண்டாடும் அந்தச் சுவரோவியங்களை ஐம்பதுகளின் கடைசியிலிருந்து ஆண்டு தவறாமல் பார்த்தவள் நான் என்றாலும், கலையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டுவிடாதீர்கள். தென்காசிக்காரர்களான எங்களுக்கு அது குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே ஒரு நடை எட்டிப் பார்க்கும் இடம், அவ்வளவுதான்.

ஆனி பிறந்து "சாரல்" விழத் தொடங்கிவிட்டால் வாசுதேவநல்லூரிலிருந்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, குடும்பத்தோடு வந்து இறங்கிவிடுவார். எண்ணெய்ச் சீசாவும் புளியோதரைத் தூக்குவாளியுமாகக் குதிரைவண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போவோம். குளியல் முடிந்து சித்திரசபைக்குள் நுழைந்தால் சாமிகளும் முனிவர்களும் யானைகளும் கல்யாணங்களுமாகச் சுவரெல்லாம் படம். மாமா முன்னால் நடந்து ஒவ்வொன்றுக்கும் அடித்துச் சொல்வதுபோலக் கதை சொல்வார். போன வருஷம் மீனாட்சி கல்யாணமாக இருந்தது இந்த வருஷம் சீதா கல்யாணமாகிவிடும். யாரும் மறுத்துக் கேட்கமாட்டார்கள், குளித்த அசதியில் பாதிப்பேர் கண் சொருகித்தான் நடப்பார்கள். எனக்கு அங்கே பிடித்ததெல்லாம் ஒரு குதிரையின் பற்கள்தான், அது மட்டும் எங்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருக்கும்.

அம்மா இவை எதையும் பார்க்கமாட்டாள். நேராக ஒரு மூலைக்குப் போவாள். அங்கே ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்தின் ஓரத்தில், கையில் தாம்பாளம் ஏந்தி எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, இங்கன வா. ஒங்கக்கா நிக்கா பாரு."

செண்பகம் அக்கா நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், ஏறக்குறைய அதே வயதில் அம்மை போட்டு இறந்துபோனவள். அவளைப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. சின்னப் பிள்ளைகளைப் போட்டோ பிடித்தால் "ஆயுசு கொறஞ்சிரும்" என்று நம்பிய அப்பா, அவளை ஸ்டுடியோ வாசலைக்கூட மிதிக்கவிடவில்லை. பிடிக்காமலே ஆயுசு குறைந்ததுதான் மிச்சம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் "கன்னி" என்று கும்பிடுவார்கள். ஆண்டுக்கொருமுறை புதுப் பாவாடையும் வளையலும் பூவும் வைத்துப் படைப்பார்கள். அம்மாவும் படைத்தாள், ஆனால் அவளுக்கு ஆறவில்லை. நாளாக நாளாகப் பிள்ளையின் முகம் தனக்கு மறந்துகொண்டே வருகிறது என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. "அடுப்படில நின்னு நெனச்சா வரமாட்டேங்கா. இங்கன வந்தாத்தான் வாரா" என்பாள். அதனால் வெற்றிலையில் மடித்துச் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து, அந்தச் சுவர்ப்பெண்ணின் நெற்றியில் பொட்டு வைத்து, எண்ணெய் போகாத கைகளால் இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பாள்.

"எக்கா, எவனோ வரஞ்ச எவளோ அது" என்று மாமா சலித்துக்கொள்வார்.

"எவளா இருந்தா என்ன, எம் பிள்ள மாதிரி இருக்கால்லா."

காவலுக்கு இருந்த பெரியவர் பார்த்துவிட்டு ஓடிவந்து, "தாயி, சுவத்தத் தொடாதீங்க, படம் போயிரும்" என்றார் ஒருமுறை. "எம் பிள்ளையத் தொடாம வேற யார் பிள்ளையத் தொடச் சொல்லுதீய?" என்று அம்மா கேட்டதும் அவர் தலையைச் சொறிந்துகொண்டே வாசலுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த ஆண்டிலிருந்து அவர் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து பொட்டு வைத்தாள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு சாரலின்போது போனோம். காய்ந்த சந்தனம் செதிள்செதிளாக நெற்றியில் நிற்க, கன்னமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்து முகம் கறுத்துக் கிடந்தது. "வாடிப்போயிட்டாளே" என்று பதறிய அம்மா, அருவித் தண்ணீர் சொட்டிய முந்தானையால் அந்த முகத்தை, குழந்தைக்குத் துடைப்பதுபோல அழுத்தித் துடைத்துவிட்டாள். ஈரம் பட்டதும் நிறமெல்லாம் பளிச்சென்று எழும்பியது. "பாத்தியா, முழிச்சிட்டா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. முந்தானையில் செம்மண் நிறத்தில் ஒரு கறை இருந்தது. குங்குமம் என்றுதான் நினைத்தோம்.

மறு ஆண்டு போனபோது தாம்பாளம் இருந்தது, வளையல் போட்ட கை இருந்தது, கழுத்துக்கு மேலே வெறும் சுண்ணாம்புதான் இருந்தது. மாமாவுக்கு அன்று சொல்ல ஒரு கதையும் வரவில்லை. "நீ தொடச்சதுல போயிட்டு எக்கா" என்று மட்டும் தணிந்த குரலில் சொன்னார். அம்மா அழவில்லை. மடித்த வெற்றிலையைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

சில நாள் கழித்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று என்னிடம் கேட்டாள். "ஏட்டி, அக்கா எப்படி இருந்தா? நீயும் வருஷா வருஷம் பாத்தேல்லா?"

"அழகா இருந்தாம்மா."

"அழகுன்னா? மூக்கு எப்படி இருந்துச்சி?"

கூர்மையாக, நுனியில் கொஞ்சம் தூக்கினாற்போல என்று நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது ஒன் மூக்குல்லா" என்று கஞ்சியைக் கொட்டப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் சித்திரசபைக்கு வரவே இல்லை. கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோதும் அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். நானும் ஒவ்வொரு தடவையும் வாய்க்கு வந்த ஒரு முகத்தைச் சொன்னேன்; அவள் ஒவ்வொன்றையும் யோசித்துப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள்.

இப்போது அப்பா, அம்மா, மாமா யாரும் இல்லை. செண்பகம் என்று ஒருத்தி இருந்ததை இன்னும் நினைத்துப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான், எனக்கும் அவளைத் தெரியாது. குதிரைவண்டிகள் போய்விட்டன, சித்திரசபைக்கு வருகிறவர்கள் செல்போனை உயர்த்திப் பிடித்து, போட்டோ எடுத்தபடியே நடந்து போகிறார்கள். போன சாரலில் நானும் போய், நினைவில் இருந்த அந்த மூலையில் நெடுநேரம் நின்றேன். எண்ணெய் மினுங்கும் அம்மாவின் கை மட்டும் அப்படியே கண்ணுக்குள் வருகிறது. அது தடவிய முகம் வரவில்லை.