ஆட்டுக்கால் சூப்பும் என் எலும்பும்

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் தனியாக இருக்கிறேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை, மகன் கனடாவில். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரத்தில் மூன்று நாள் தஞ்சாவூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். அந்த மூன்று நாளும் பேச ஆள் உண்டு. மீதி நான்கு நாளை ஓட்டுவதுதான் பெரும்பாடு.

போன வருஷம் இடுப்பும் விலாவும் வலிக்க ஆரம்பித்தன. புரண்டு படுத்தால் உயிர் போய்த் திரும்பியது, நடக்கக் கைத்தடி வேண்டியிருந்தது. கும்பகோணத்தில் ஒரு எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, வயதான பெண்களுக்கு வருவதுதான் என்று ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார். நல்லவேளை, போட்டுக்கொள்ளும் முன் சீட்டை என் டயாலிசிஸ் டாக்டரிடம் காட்டினேன்.

"மத்தவங்களுக்குப் போடுற ஊசி இது டீச்சர். உங்களுக்கு எலும்பு தேயிற காரணமே வேற. ரத்தத்தப் பாக்காம எதையும் தொடக்கூடாது" என்றார்.

ரத்தம் பார்த்தார்கள். கழுத்தில் நெல்மணி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றனவாம். சிறுநீரகம் வெளியேற்றாத பாஸ்பரஸ் உடம்பில் சேரச் சேர, அவை வெறிபிடித்தாற்போல எலும்பிலுள்ள சுண்ணாம்பை உருவி ரத்தத்தில் கொட்டுமாம். அறுபது வருஷம் இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிட்டு இப்போது இந்த ஆட்டம்! சாப்பாட்டோடு விழுங்க மாத்திரை தந்தார்கள், சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியலும் தந்தார்கள்.

மாதங்கள் போயின, பாஸ்பரஸ் இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார் டாக்டர். அப்போதும் இறங்கவில்லை. சாப்பாட்டில் ஏதாவது மாறுகிறதா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எத்தனை பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காக முட்டி போட வைத்திருப்பேன்!

உண்மை எதிர்வீட்டில் இருந்தது. குத்தகை நிலத்தில் பயிர் செய்கிற குடும்பம். அந்த வீட்டு அம்மாவுக்கு என் வலி தெரிந்ததிலிருந்து, டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் தூக்குச்சட்டியோடு வந்துவிடுவார். எலும்புக்குத் தெம்பு என்று ஆட்டுக்கால் சூப்பு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, பால் விட்ட கேழ்வரகுக் கஞ்சி. எல்லாம் பட்டியலில் இருந்தவை. நான் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து மருமகளைப் பற்றி, நாற்றைப் பற்றி, ஆற்றில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசுவார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் குடித்தேன். இன்னும் நீளட்டும் என்று மெதுவாகக் குடித்தேன்.

கடைசியில் டாக்டர், கழுத்தைத் திறந்து சுரப்பிகளை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். இதயம் இருக்கிற நிலையில் மயக்க மருந்தே ஆபத்து என்றும் சொன்னார். "கூட யாரு இருப்பாங்க?" என்று கேட்டார். சூப்பு விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "ரெண்டு மாசம் நிறுத்திப் பாப்போம். இறங்கலன்னா ஆபரேஷன்தான்" என்றார்.

மறுநாள் தூக்குச்சட்டி வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, நானா உங்க எலும்ப அரிச்சேன்?"

"உங்க தப்பில்லம்மா. தெரிஞ்சே குடிச்சது நான். நீங்க சும்மா வாங்க, பேசிக்கிட்டிருக்கலாம்."

"நோயாளி வீட்டுக்கு வெறுங்கைய வீசிக்கிட்டு எப்படி டீச்சர் வர்றது? எளநீ கொண்டாரட்டுமா?"

"ஆகாதும்மா."

"ஆரஞ்சு?"

"அதுவும் ஆகாது."

"சத்துமாவு?"

கூடாது என்று தலையாட்டினேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் என்னென்ன வாங்கிப் போவார்களோ, அத்தனையும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவர் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பிறகு அவர் வரவில்லை. கோபமெல்லாம் இல்லை. தெருவில் பார்த்தால் விசாரிப்பார், அவ்வளவுதான். கையில் ஒன்றுமில்லாமல் என் வாசற்படி ஏற அவருக்குக் கூச்சம். நான் தனியாக, அளந்து வேகவைத்த காய்கறியும் மாத்திரையுமாகச் சாப்பிட்டேன். அழுத நாளும் உண்டு.

இரண்டு மாதம் கழித்துப் பாஸ்பரஸ் இறங்கியிருந்தது. சுரப்பிகளும் அடங்கத் தொடங்கியிருந்தன. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சிரித்தார். வலியும் மெல்லக் குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வாசலோடு போவதைப் பார்த்து, கைத்தடி இல்லாமலே கேட் வரை நடந்து போய்த் திறந்தேன்.

"உள்ள வாங்கம்மா."

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"இன்னொரு நாள் வர்றேன் டீச்சர்."

நான் நடந்து வந்ததை அவர் கவனிக்கவே இல்லை.