ரொட்டி அடுப்பில் வெந்த கியர்பாக்ஸ்

யுத்த காலத்தில் ராஜபாளையத்தில் நாங்கள் இருந்த வீட்டின் முன்பக்கம் என் ரொட்டிக்கடை. பின்கொட்டகையில் என் வீட்டுக்காரரின் வெல்டிங் வேலை. பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் கற்ற தொழில்.

ஒருநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பஸ் டிரைவர் வந்தார். கல்லில் அடிபட்டு விரிசல் விட்ட கியர்பாக்ஸின் அலுமினியக் கூட்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். புதிது மதுரையிலும் கிடைக்கவில்லையாம்.

என் வீட்டுக்காரர் அதைச் சோடாக்காரத்தில் கழுவி, கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகத் தேய்த்தார். ஆனால் தீயைக் காட்டியதும் உள்ளே ஊறியிருந்த எண்ணெய் கறுப்பாகக் கொப்பளித்தது. விரிசலில் வைத்த பற்று முழுக்கப் பொடி ஓட்டை. அதை அரத்தால் ராவி எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே கதிதான்.

"எம்புட்டு தேய்ச்சாலும் மேலதான் போகுது. வருசக்கணக்கா குடிச்ச எண்ணெய்லா!" என்று உட்கார்ந்துவிட்டார். டிரைவருக்கு முகம் வாடிவிட்டது.

நான் அப்போதுதான் ரொட்டி எடுத்து முடித்திருந்தேன்.

"பழைய ரொட்டித் தட்டை அடுப்புல வச்சா ஊறின எண்ணெய் வேர்த்து வெளிய வருது. இதையும் வச்சுப் பாப்போம்" என்றேன்.

"ஏட்டி, அடுப்பு நாறிப்போகும். அலுமினியம் செவந்து காட்டாது, சொல்லாம கொள்ளாம உருகிரும்."

"அடுப்பு எம்பாடு. மாவு கருகுற சூடுதான் இருக்கு. அதுல உருகுமா?"

அடுப்பு வாயில் கையை நீட்டிச் சூட்டைப் பார்த்தார். "உருகாது."

உள்ளே வைத்தோம். அடுப்பு வாயில் புகை கிளம்ப, தீப்பிடித்துவிட்டதென்று பக்கத்து வீட்டார் குடத்தோடு ஓடி வந்தார்கள். வெளியே எடுத்தபோது விரிசல் ஓரமெல்லாம் கறுப்பு எண்ணெய். துடைத்துத் தேய்த்துத் திரும்ப வைத்தோம். புகை அடங்கும்வரை இதே வேலை.

பிறகு சூட்டோடு சூடாகப் பற்றவைத்தார். உலோகம் தண்ணீர்போல ஓடி, பளபளவென்று படிந்தது. சட்டென்று ஆறினால் மறுபடி விரியும் என்று அவரே அதை என் அடுப்புக்குள் தள்ளி மூடினார். ஆறியபின் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டுக் கசியவில்லை.

"மதினி, நீங்கதான் மேஸ்திரி!" என்றார் டிரைவர்.

மறுநாள் ரொட்டியில் பஸ் ஷெட் எண்ணெய் வாடை. பாதி திரும்பி வந்தது. எனக்கு வருத்தமில்லை. வெறும் அடுப்பை எரியவிட்டு, உள்ளே புதிதாக மண் பூசினேன். அந்த வாரமே கொட்டகையில் தனி அடுப்பு கட்டச் சொன்னேன். செங்கல்லை அவர் அடுக்க, வாய் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதை நான் சொன்னேன். தளவாய்புரத்திலிருந்தெல்லாம் உடைந்த கூடுகள் வரத் தொடங்கின.