பிந்தி வந்தவனுக்கும் முழுப்பேர்

சபையாரே, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். என் தம்பி தானியேலை அடக்கம் செய்து ஒன்பது மாதம் ஆகிறது. அந்தக் குடிகாரன் எப்படிப் பரலோகம் போயிருப்பான் என்று இதுவரை நான்கு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நால்வரும் நம் சபையார். அவர்களுக்காகவே இந்தச் சாட்சி.

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருஷம் நான் கணக்கப்பிள்ளை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வருகிறவர்களுக்கு அரைப்பேர் போடுவேன், அதாவது அரை நாள் சம்பளம். இன்னும் பிந்தினால் திருப்பி அனுப்புவேன். தோட்டத்து ஜெபவீட்டுக்கும் நானே மூப்பன். இரண்டாம் மணி அடித்ததும் கதவைச் சாத்துவேன்.

தொண்ணூற்றெட்டு ஆடியில் தானியேலுக்கு ஈரல் கெட்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்தான். இரண்டு நாள் தாங்காது என்றார் டாக்டர். அவன் இரட்சிப்புக்காகப் பத்தொன்பது வருஷம் ஜெபித்திருக்கிறேன், ஒரு நாள் தவறியதில்லை. அதற்கு இதுவா பதில்? கட்டிலருகே முழங்காலிட்டேன். அது ஜெபமல்ல, சண்டை. மனந்திரும்ப அவனுக்கு ஒரு மணி நேரம் தர உமக்கு மனமில்லையா என்று கேட்டேன்.

மறுநாள் காலை கண் விழித்தான். வேதத்தைத் திறந்தேன். கையால் தடுத்தான்.

"அண்ணே, அங்கேயும் கதவச் சாத்திருப்பாங்களா?"

"என்னடா ஒளர்றே?"

"இருவது வருசத்துக்கு முந்தி ஒருக்கா ஜெபவீட்டுக்கு வந்தேன், வெளுத்த வேட்டியெல்லாம் கட்டிக்கிட்டு. நான் படியேறி வர்றதப் பாத்துக்கிட்டேதான் சாத்துனீங்க."

எனக்கு ஞாபகம் இருந்தது. அதுதான் கொடுமை. நான்கு நிமிஷம் பிந்தியிருந்தான். அதன்பின் அவன் வரவே இல்லை. நானே சாத்திய கதவைத் திறக்கச் சொல்லித்தான் பத்தொன்பது வருஷம் ஆண்டவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றிச் சொன்னேன். கடைசி மூச்சில் கேட்டவனுக்கும் பரலோகம் கிடைத்தது. நம் பாவத்துக்கு வேறொருவர் பலியாகிவிட்டார் என்றேன்.

"அப்ப எனக்கு அரைப்பேராவது விழுமா, கணக்கப்புள்ள ஐயா?" கேலிதான். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"முழுப்பேர்டா" என்றேன்.

நான் கேட்டது ஒரு மணி நேரம். கர்த்தர் பதினொரு நாள் தந்தார். பதினொரு நாளும் ஜெபித்தான். பயமில்லாமல் போனான்.

முப்பத்தொரு வருஷம் தவறாமல் ஆலயம் போன எனக்கும், பதினொரு நாள் ஜெபித்த அவனுக்கும் ஒரே கூலியா என்று எனக்கும் ஆத்திரம் வந்தது. மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கதவைச் சாத்திய கை யாருடையது? நியாயப்படி எனக்கு அரைப்பேர்கூட விழுந்திருக்கக் கூடாது. விழுந்தது, இரக்கத்தால்.

இப்போது ஜெபவீட்டுக் கதவைச் சாத்துவதில்லை. போன ஞாயிறு ஏழு பேர் பிந்தி வந்தார்கள். கூடவே குளிர்காற்றும் வந்தது. எரிச்சலாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வாருங்கள், பிந்தியாவது வாருங்கள். அந்த நால்வரும் நேரத்துக்கு வருகிறவர்கள். அவர்களும் இந்தத் திறந்த கதவு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.