மடத்துச் சுவரோடு ஒட்டிய அறை

அன்றைக்கு அறைக்குள் நின்றவர்கள். வீட்டுக்கார அம்மா, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவர், வாசலடியில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு. ஜெயோமெத்ரா, நடுவில், கட்டடம் அளக்கிறவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். என் கணவர், கட்டிலுக்குப் பக்கத்தில். அவருடைய சிநேகிதன், இத்தாலி மொழியை எங்களுக்கு விளங்கப்படுத்த. கடைசியாக நான்.

மகள் இல்லை. அவளுக்காகத்தான் அளந்தார்கள்.

அவள் மன்னாரில் கலியாணம் கட்டின என் தங்கையோடு இருந்தாள். பதினேழு வயது. பிள்ளையைக் கூப்பிட எங்களுடைய பெர்மெஸ்ஸோ, இங்கே இருக்கத் தருகிற அனுமதி, மட்டும் போதாது. இருக்கிற இடம் ஆள் வாழத் தகுந்தது என்று கடதாசி வேண்டும். பதினெட்டு முடிந்துவிட்டால் கூப்பிடவே ஏலாது.

நான் வேலை செய்த வீடு ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற ஊருக்குப் பின்னால், மலைக்குக் கீழே, எலுமிச்சைத் தோட்டத்துக்குள் இருந்தது. யாரோ ஒரு பிரபு கோடைக்கு வந்து தங்கக் கட்டினதாம். முகப்பில் இரண்டு கல் படிக்கட்டுகள். இரண்டு பக்கத்தாலும் வளைந்து ஏறி மேல் வாசலில் ஒன்றாகச் சேரும். இரண்டையும் நான்தான் கழுவுவேன். ஒன்றில்தான் ஆட்கள் ஏறுவார்கள். ஏறாத படியிலும் ஊத்தை வரும்.

மேலே அறைகள் வரிசையாக இருந்தன. கதவெல்லாம் ஒரே நேரில். ஒரு தொங்கலில் நின்றால் மறு தொங்கல் யன்னல் தெரியும். கூரையில் தேவதைகளைக் கீறியிருந்தார்கள். மழை ஒழுகி அவர்களின் முகம் கறுத்துப் போயிருந்தது. முன்னால் நின்று பார்த்தால் மாளிகை. பக்கத்தால் பார்த்தால் ஓர் அறை அகலம்தான். பின்சுவர் அந்த வீட்டுக்குச் சொந்தமே இல்லை. அது மடத்தின் சுவர்.

கன்னியர் மடம். வீட்டைவிடப் பல நூறு வருடம் பழையது. கூரை இல்லை. முற்றத்தைச் சுற்றிச் சில தூண்கள், வளைவுகள், வெடிப்புக்குள் காட்டு அத்தி. வீட்டைக் கட்டினவர்கள் ஒரு சுவர் மிச்சம் என்று அதில் சாய்த்துக் கட்டிவிட்டார்கள். சுவருக்கு அங்கால் மடத்தில் இடியாமல் நின்றது ஒரே ஓர் அறை. அதை எங்களுக்குத் தந்தார்கள். கன்னியாஸ்திரிமார் தானியம் வைத்த இடமாம். ஒரு யன்னல், தலைக்கு மேலே. வளைந்த கல் கூரை. நடுவில் உயரம், கரையில் பதிவு.

வேலையோடு வந்த அறை. வேறு வீடு எடுக்க எங்களுக்கு வசதி இல்லை.

வெளியிலிருந்து ஒரு பெரிய படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். முதல் மாரியிலேயே தண்ணீர் வந்து நின்றது. கட்டில் கால்கள் ஊறின. நாங்கள் வன்னி ஆட்கள். குளம் உடைத்த வெள்ளம் கண்டவர்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் நிலத்தை உயர்த்துவோம். வேறு யோசனை எங்களுக்கு வராது.

"பிள்ளை வந்து ஈரத்திலையே படுக்கிறது?" என்றார் கணவர்.

சிநேகிதன் மன்னார்க்காரன். ஊரில் மேசன். இங்கே மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் வருவான். மடத்து முற்றத்தில் விழுந்து கிடந்த கற்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து அறைக்குள் கொட்டினார்கள். அதற்கு மேல் மணல், சீமெந்து, ரைல்ஸ்.

"மச்சான், கன்னியாஸ்திரிமாற்ற கல்லுக்கு மேலை படுக்கப்போறியள். நேரை மோட்சம்தான்."

"வாயைப் பொத்திக்கொண்டு சீமெந்தைக் குழை."

"அக்கா, இவருக்கு மோட்சம் வேண்டாமாம். எனக்கொரு தேத்தண்ணி தாங்கோ."

அதற்குப் பிறகு தண்ணீர் வரவில்லை. சிஞ்ஞோரா வந்து பார்த்தார். நல்லது என்றார். மகளுக்கு போனில் காட்டினேன்.

"அம்மா, நிலம் மினுங்குது. என்ர கட்டில் எங்கை?"

"யன்னலுக்குக் கீழை."

"யன்னலாலை என்ன தெரியும்?"

"வானம்."

"அது இஞ்சையும் தெரியுதுதானே," என்று சிரித்தாள்.

அளக்க வந்த அன்றைக்கு ஜெயோமெத்ரா ஒரு சின்னப் பெட்டியை நிலத்தில் வைத்தார். கூரையில் சிவப்புப் பொட்டு விழுந்தது. நடுவில் வைத்தார். நாலு கரையிலும் வைத்தார். எழுதினார், கூட்டினார். அகலம் காணும் என்றார். வெளிச்சம் ஒருமாதிரிக் காணும் என்றார். பிறகு சிநேகிதனிடம் நெடுநேரம் கதைத்தார். அவன் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"என்னவாம்?" என்று நான்தான் கேட்டேன்.

"உயரம் காணாதாம், அக்கா. சராசரி ரண்டு மீற்றர் எழுபது வேணுமாம். இருபத்தாறு சென்ரிமீற்றர் குறையுதாம்."

கணவர் கூரையைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தார்.

"உடைச்சு எடுத்தால்?"

சிநேகிதன் கேட்டான். ஜெயோமெத்ரா தலையை ஆட்டினார். மடத்தில் ஒரு கல்லைத் தொடுவதென்றாலும் பழைய கட்டடங்களைப் பார்க்கிற கந்தோரில் அனுமதி எடுக்க வேண்டும். பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். மகளுக்கு மாசியில் பதினெட்டு.

"கேளாமல் உடைச்சால்?"

சிஞ்ஞோரா தடியால் நிலத்தில் தட்டினார். வேண்டாம் என்றார். கேளாமல் உயர்த்தினதே தெரிந்தால் தண்டம் தனக்குத்தான் வருமாம். அவர் சத்தமாகக் கதைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இப்ப இருக்கிற நிலத்தைத்தான் தான் அளந்தவராம். முந்தி இருந்தது தனக்குத் தெரியாதாம்," என்றான் சிநேகிதன். "நல்ல மனுசன்."

நல்ல மனுசன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சிஞ்ஞோராவும் போய்விட்டார். சிநேகிதன் வாசலில் குந்தினான்.

"நான்தான் மச்சான், இன்னும் கொஞ்சம் உயர்த்துவம் எண்டனான்."

"விடு."

கணவர் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். கட்டிலை இழுத்துவிட்டு மூலையில் குந்தினார்.

"என்ன செய்யிறியள்? வேண்டாமெண்டு இப்பதானே சொன்னவ."

"ஒரு ரைல்ஸ்தான். அறியத்தான்."

ரைல்ஸ் வெடித்தது. சீமெந்து கெட்டியாக இருந்தது. நல்ல வேலை. பிறகு மணல். பிறகு மடத்துக் கல். ஒவ்வொன்றாகக் கிளப்பி எனக்குத் தந்தார். நான் சுவரோடு அடுக்கினேன். அடியில் பழைய நிலம் வந்தது. கறுப்பாக, ஈரமாக இருந்தது. கணவர் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

சிநேகிதன் எழும்பி வந்து அளவு ரேப்பைக் குழிக்குள் இறக்கினான். பார்த்தான்.

"எவ்வளவடா?" என்றார் கணவர்.

"இருபத்தொன்பது."