சஸ்கட்டூனில் ஆர் இருக்கினம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் – நான் ஒரு மடையன். வழக்கமாக இந்தப் பத்தியின் கடைசி வரிக்கு வரும்போதுதான் உங்களுக்கு அது புரியும். இந்த வாரம் உங்களுக்கு ஏன் அந்தச் சிரமம்?

கனடாவில் என் மகள் எந்த நகரத்தில் குடியேற வேண்டும் என்பதை, கொழும்பு வெள்ளவத்தை ஃப்ளாட்டின் பல்கனியில் இருந்தபடி நான் முடிவு செய்தேன். கடல் தாண்டி நான் பார்த்த ஒரே ஊர் சென்னை. அதிலும் பாதி நாள் வயிற்றோட்டம். இருந்தும் முடிவு செய்தேன். டொரொண்டோ!

அதோடு விட்டேனா? அங்கே இருக்கும் என் பெரியப்பா மகன் சிவம் அண்ணாவுக்கு போன் எடுத்து, "பிள்ளை உங்களிட்டத்தான் வாறாள்" என்றும் சொல்லிவிட்டேன். அண்ணா சந்தோஷத்தில் வீட்டின் பேஸ்மென்ட் அறைக்குப் பெயின்ட் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

மகளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? அதுதான் முதல் வரியிலேயே சொன்னேனே...

ஆனால், என்னை மட்டும் குறை சொல்லாதீர்கள். எங்கள் ஆட்கள் வெளிநாட்டில் ஊர் பார்க்கும் விதமே அப்படித்தான். வேலை உண்டா, குளிர் எவ்வளவு – இதெல்லாம் பிறகு. முதல் கேள்வி, "அங்க ஆர் இருக்கினம்?" எயார்போட்டுக்கு யார் வருவார்கள்? முருங்கைக்காய் கிடைக்குமா? கோயிலில் தேர் எப்போது? எங்கள் லிஃப்டில் ஏறி, பொரளைக்கு எந்த பஸ் என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். டொரொண்டோ ஸ்காபரோவில் நல்ல விளைமீன் எங்கே என்று கேளுங்கள், மேல்மாடி வரைக்கும் விளக்கம் வரும்.

என் மகள் ஆரணி ரோட்டு இன்ஜினியர். அவளுக்கு விசாவோடு ஒரு வேலையும் கிடைத்தது. சஸ்கட்டூனில். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். டொரொண்டோவில் விரலை வைத்து இழுத்தால்... போய்க்கொண்டே இருக்கிறது!

"அங்க ஆர் பிள்ளை இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, அப்பா."

"அப்ப ஏன் அங்க? அண்ணா பெயின்ட் எல்லாம் அடிச்சு..."

"என்ன பெயின்ட்?"

சொன்னேன். குசினி அடுப்படியில் இருந்து மனைவியின் குரல் வந்தது. "முழுக்கச் சொல்லுங்கோ. உங்கட வாயாலேயே சொல்லுங்கோ."

ஆரணி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"டொரொண்டோவில எனக்கு என்ன வேலை இருக்கு?"

"முதல் போய் இறங்கன். அண்ணாவின்ர மகன் நிக்கிற குடோனில இப்போதைக்கு..."

"நான் படிச்சது ரோட்டுப் போட. பெட்டி அடுக்க இல்லை. அங்க குளிருக்கு வருசா வருசம் ரோட்டு வெடிக்குதாம். ரோட்டுப் பழுதாகிற ஊரிலதானே அப்பா, ரோட்டு இன்ஜினியருக்கு மரியாதை?"

இந்த வாய் என்னிடமிருந்து வந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் மனைவி இந்தப் பத்தியை வாசிப்பவள்.

இனி அண்ணாவுக்குச் சொல்ல வேண்டுமே! வீடியோ கோலில் மென்று விழுங்கிச் சொன்னேன். அண்ணா வெடித்தார்.

"உனக்கென்ன விசரே? ஒருத்தரும் இல்லாத ஊருக்குக் குமர்ப்பிள்ளையைத் தனிய அனுப்பப் போறியோ?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஆரணி போனை வாங்கினாள்.

"பெரியப்பா, நீங்க டொரொண்டோவுக்குப் போகேக்க அங்க ஆர் இருந்தவை?"

 

"ஒரு நாயும் இல்லை, பிள்ளை" என்றார் அண்ணா மெதுவாக.

பிறகுதான் கதை வந்தது. பாண் ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டிய நாட்கள், வழி தெரியாமல் ஒரே பஸ்ஸில் சுற்றிச் சுற்றி வந்தது, தமிழ்க் குரல் கேட்டு ஆரோ ஒருவருக்குப் பின்னால் ஓடியது... இத்தனை வருடங்களில் எனக்குச் சொல்லாத கதை. கடைசியில் சொன்னார், "போ பிள்ளை. ஆரும் ஒராள் முதல் போகத்தானே வேணும்? பனியில நடக்கச் சப்பாத்து மட்டும் நல்லதா வாங்கு."

போனாள். அதன் பிறகு என் நடையே மாறிவிட்டது. பழக்கடைக்காரர் கேட்டார், "சஸ்கட்டூனோ? அங்க ஆர் இருக்கினம்?"

"என்ர மகள் இருக்கிறாள்!"

கேட்காதவர்களுக்கும் சொன்னேன். கொட்டாஞ்சேனைக்குப் போன ஓட்டோவில், என் ஓட்டைச் சிங்களத்தில் சாரதிக்கும் சொன்னேன். பாவம், அவர் சந்தியில் திரும்ப மறந்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண் குரல். தமிழ்!

"அது ஆர் பிள்ளை?"

அந்தப் பிள்ளை பஸ் தரிப்பில் குளிருக்குக் காணாத மெல்லிய ஜக்கெட்டோடு நின்று, தாயுடன் போனில் பேசி அழுதுகொண்டிருந்தாளாம். மலையகத்தில் ஹட்டன் பக்கத்தவள், படிக்க வந்தவள். தமிழைக் கேட்டதும் ஆரணி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். அறை கிடைக்கும்வரை அங்கேதான்.

எனக்கு மூளை உடனே பழைய தடத்தில் ஓடத் தொடங்கியது. ஹட்டனில் எங்களுக்கு யார்? அம்மா வழியில் ஒருவரும் இல்லை. மாமா ஒருவர் அங்கே படிப்பித்தார்... அவருக்கும் பிள்ளைகள் இல்லையே!

"ஏன் பிள்ளை, அவ உனக்கு என்ன முறை?"

"தங்கச்சி முறை. வைக்கிறன், சோறு ஆறுது."