பெரியப்பா காட்டிய பெரிய கோயில்

வேனுக்குள் ஏறியதும் முகத்தில் வந்து மோதியது புளிசோற்றின் வாசனைதான். அம்மா மூன்று மணிக்கே எழுந்து கிளறி, சூடு ஆறுவதற்குள் எவர்சில்வர் தூக்குகளில் அடைத்து, கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்திருந்த, பெரியப்பா சொன்ன கணக்குப்படி பதினோரு பேருக்கான புளிசோறு. அதன் நல்லெண்ணெய் மணமும், புது ரெக்சின் உறையின் நெடியும், முன் சீட்டில் பெரியப்பா அள்ளிப் பூசிக்கொண்டிருந்த சென்ட்டும் சேர்ந்து, பல்லடம் தாண்டுவதற்குள் எனக்குக் குமட்டத் தொடங்கிவிட்டது. இன்றைக்கும் யாராவது குடும்பத்தோடு சுற்றுலா போனோம் என்று ஆசையாகச் சொன்னால், அந்தக் கலவை என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டுத்தான் போகிறது.

எனக்கு அப்போது பதினோரு வயது. கோயமுத்தூர் கணபதியில் பெரியப்பாவுக்கு லேத் பட்டறை இருந்தது. பம்பு செட்டுக்கும் மில் மெஷினுக்கும் உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பார்கள். கடைவது என் அப்பா. கடைந்து கொடுத்ததாகப் பெயர் பெரியப்பாவுக்கு. அவர் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். பெரியப்பா தும்மினாலும் அதைக் குடும்பத்துக்காகத்தான் தும்முவார். புதுக் கார் வாங்கியது குடும்பத்துக்காக, எங்கள் பக்கத்துக் குழாயை அடைத்தது குடும்பத்துக்காக, அரைப்பரீட்சை லீவில் எல்லோரையும் வேன் வைத்துத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போய் அன்றைக்கே திரும்புவது என்று முடிவெடுத்ததும் குடும்பத்துக்காகத்தான் என்றார். நம்பினோம். கிளம்பும் நாளில்தான், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு மில்லின் பர்ச்சேஸ் ஆபீசர், மனைவியும் சின்னப் பையனுமாக வேனில் ஏறி நடு சீட்டில் உட்கார்ந்தார். ஆபீசர் வீட்டம்மாள் பெரிய கோயிலைப் பார்த்ததில்லையாம். அப்போதுதான் விளங்கியது: அம்மா வந்தது சோறு கட்ட, அப்பா வந்தது மூட்டை தூக்க, நான் வந்தது அந்தப் பையனுக்கு விளையாட்டுக் காட்ட. மற்றபடி பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகள், பெரியம்மாவின் தம்பி, டிரைவர், அவ்வளவுதான் கூட்டம்.

அம்மாவுக்கு மட்டும் இதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. பத்தாவது வரை படித்தவள். சமூக அறிவியல் பரீட்சையில் அந்தக் கோயிலைப் பற்றி நான்கு பக்கம் எழுதியதாக நூறு தடவை சொல்லியிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பக்கம் பழனி, இன்னொரு பக்கம் மேட்டுப்பாளையம், அதைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. வேனில் என் காதோரம் குனிந்து, "அங்க ஆடுன பொம்பளைங்க அத்தன பேரு பேரையும், எந்தத் தெருவுல எத்தனாவது ஊட்டுல குடியிருந்தாங்கங்கறது வரைக்கும் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்களாம் கண்ணு" என்றாள். எனக்குக் குமட்டலாக இருந்தது. ஜன்னலோரம் பெரியப்பா மகள் உட்கார்ந்திருந்தாள். "சும்மா இரும்மா" என்றேன்.

பதினொரு மணிக்கு முன்பே தஞ்சாவூரில் இருக்க வேண்டியவர்கள் நாங்கள். வெள்ளகோவிலில் வேன் நின்றது. அங்கே பெரியப்பாவின் நண்பர் ஒருவர் எண்ணெய் மில் வைத்திருந்தார். "சித்தே எட்டிப் பாத்துப்போட்டுப் போயிரலாம்" என்று இறங்கிய பெரியப்பா, விருந்தாளிகளுக்கான "ஒறம்பரை" உபசாரம் என்ற பெயரில் இட்லி, சந்தவை, காப்பி என்று ஒன்றரை மணி நேரத்தைத் தின்று தீர்த்தார். தேங்காய்ப் பருப்பு காயும் களத்தையும், செக்கையும், புது மோட்டாரையும் ஆபீசருக்குச் சுற்றிக் காட்டினார். ஆபீசர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் உத்தியோகமே தலையாட்டுவதுதான் என்று எனக்குப் பட்டது. வேன் கதவருகே நின்றிருந்த அம்மா, அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்:

"ஏனுங்க, பன்னண்டரைக்கு நடை சாத்திருவாங்களாமா."

"அண்ணனுக்குத் தெரியாததா? சும்மா இரு," என்றார் அப்பா.

அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவருக்குத் தேவை இருக்கவில்லை. கரூரில் ஒரு காப்பி, திருச்சியில் ஆபீசர் பையனுக்கு ஒரு பந்து, எல்லாம் முடிந்து நாங்கள் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியபோது மணி பன்னிரண்டே முக்கால். கருவறை நடை சாத்தியிருந்தது. நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்றார் காவலுக்கு நின்றவர்.

பெரியப்பா அசரவில்லை. "வெளியில பாத்தாப் போதுமுங்க சார், உள்ள ஒண்ணுமில்லீங்க" என்று ஆபீசருக்குத் தைரியம் சொன்னார். கைடு ஒருவர் அருகில் வந்ததும், "நீங்க அக்கட்டால போங்க, நானே சொல்லிக்கறேன்" என்று துரத்திவிட்டார். பிறகு நந்தியின் முன்னால் நின்று, அது வளர்ந்துகொண்டே போனதென்றும், தலையில் ஆணியடித்து நிறுத்தியதென்றும், ஆணியடித்தபோது பக்கத்தில் நின்று சுத்தியல் எடுத்துக் கொடுத்தவர் போலச் சொன்னார். போட்டோ எடுத்தார்கள். ஆபீசர் குடும்பம் நடுவில், பெரியப்பா அவரை ஒட்டி, நாங்கள் ஓரத்தில். கல் தரை சுட்டது. ஒற்றைக் காலில் மாறி மாறிக் குதித்துக்கொண்டே எல்லோரும் விமானத்தின் வடக்குப் பக்கமாக ஓடி, அங்கே நீண்டு கிடந்த நிழலில் உட்கார்ந்தோம். பெரியப்பா மட்டும் நின்றபடி, "இருவது நிமிசம் ரெஸ்ட். அப்புறம் சாப்பாடு, அப்புறம் கடைவீதி" என்று அறிவித்தார். ஆயிரம் வருஷமாக நிற்கும் கோயிலுக்கு அவர் ஒதுக்கிய நேரம் அது.

அதோடு விட்டிருக்கலாம். ஆபீசர் வீட்டம்மாள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதைக் கண்டதும் அவருக்கு மீண்டும் உற்சாகம் வந்துவிட்டது.

"இந்தக் கோபுரத்துக்கு ஒரு விசேசம் இருக்குதுங்க மேடம். இதோட நெழலு தரையிலயே உழுகாது. அந்த மாதிரிக் கணக்குப் போட்டுக் கட்டியிருக்காங்க."

"அப்படியா!" என்று அந்த அம்மாள் வியந்தாள்.

என் அம்மா வம்புக்குச் சொல்லவில்லை. நான்கு பக்கம் எழுதியவளுக்கு வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது, அவ்வளவுதான். "இல்லீங்க, இப்ப நாம ஒக்காந்திருக்கறதே அதோட நெழல்லதானுங்க" என்றாள்.

ஆபீசர் வீட்டம்மாள் தரையைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், கலகலவென்று சிரித்துவிட்டாள். ஆபீசரும் சிரித்தார். பெரியப்பாவின் முகம் கறுத்தது. இருபது நிமிடத்தில் பாதிகூட ஆகியிருக்காது; கைக்கடிகாரத்தைப் பார்த்து, "போலாம், எந்திரிங்க" என்றார்.

எல்லோரும் எழுந்தார்கள். அம்மா எழவில்லை.

"நான் நடை தொறந்ததும் பாத்துப்போட்டு வாரனுங்க மாமா. நீங்க சாப்ட்டுப்போட்டு, கடைக்கெல்லாம் போயிட்டு, போகையில என்னைக் கூட்டிக்குங்க."

"உன்னைக் கூட்டிக்கறதுக்குன்னு வேன் ஒருக்கா திரும்பி வரோணுமா? சாமி பாக்கோணும்னா நம்மூருப் பேரூர்க் கோயில்ல இல்லாத சாமியா? எல்லாம் கல்லுதான் அம்மணி. அலும்பு பண்ணாம ஏறு."

"இவ்வளவு தூரம் வந்துபோட்டுப் பாக்காமப் போக எனக்கு மனசு வரலீங்க."

பெரியம்மா வந்து தோளைத் தொட்டு, "பெரியவங்க சொன்னாக் கேட்டுக்கோணும். ஊட்டுக்குப் போயி அந்த மனுசன் மூஞ்சில யாரு முழிக்கறது?" என்றாள். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவு பெரிய பிடிவாதத்தை அதற்கு முன் அவளிடம் நான் பார்த்ததில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ஆபீசர் வீட்டம்மாள் எங்களைப் பார்க்கிறாளே என்றுதான் எனக்குக் கவலை.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "நீ வர்றியா கண்ணு, இல்ல உங்கம்மாகூடக் காயறியா?"

"நான் வாரனுங்க பெரியப்பா," என்றேன்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் சொன்னேன். அதை இப்போதும் என்னால் சகிக்க முடியவில்லை. எந்தப் பக்கம் சாப்பாடும் வேனும் இருந்தனவோ, அந்தப் பக்கம்தான் நியாயமும் இருக்கும் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பெரியப்பாவின் ரத்தம் என்னிடமும் ஓடியதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "போயிட்டு வா கண்ணு, வயித்துக்குச் சாப்புடு" என்றாள்.

வாசலில் வேன் நின்றிருந்தது. "புளிசோறு எங்களுக்கு ஒத்துக்காதுங்க" என்று ஆபீசர் வீட்டம்மாள் சொல்ல, உடனே ஓட்டல் என்று முடிவாயிற்று. அப்பா வழக்கம்போலப் பைகளை ஏற்றினார், தண்ணீர்க் கேனை உள்ளே தள்ளினார், ஆபீசர் பையனைத் தூக்கி உட்கார வைத்தார். பிறகு கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தூக்கை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, ஏறாமல் நின்றார்.

"அண்ணா, நானும் இருந்து பாத்துப்போட்டே வாரனுங்க."

பெரியப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பஸ்ஸுல வந்து சேருங்க ரெண்டு பேரும். திங்கக்கெழம பட்டறைப் பக்கம் வராண்டாம்."

அப்பா ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "செரிங்க" என்று மட்டும் சொன்னார். தூக்கை ஆட்டிக்கொண்டே வாசலுக்குள் நடந்து போனார். எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் சொல்ல மதிப்புள்ளதாக ஒன்றுமில்லை. ஓட்டலில் ஆபீசருக்கு இலை போதாமல் இரண்டாவது இலை போட்டார்கள். கடைவீதியில் ஆபீசர் வீட்டம்மாள் ஒரு தஞ்சாவூர்க் கலைத்தட்டு வாங்கினாள், பெரியம்மா அதைவிடப் பெரிய தட்டு வாங்கினாள். எனக்கு ஒரு தலையாட்டி பொம்மை கிடைத்தது. மீதிப் புளிசோற்றைத் திருச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு பாலத்தடியில் கொட்டினார்கள். டிரைவர் மட்டும் முன்பே ஒரு தூக்கைத் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார், அந்த வேனில் இருந்த ஒரே விவரமான ஆள். வழி நெடுகப் பாட்டுப் பாடினோம். நானும் பாடினேன்.

அப்பாவும் அம்மாவும் மறுநாள் விடிந்து வந்தார்கள். அம்மா குளித்துவிட்டு நேராக அடுப்பைப் பற்றவைத்தாள். என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதமே அந்த இரண்டு அறைகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் பெரியப்பா. அப்பாவுக்குச் சிங்காநல்லூரில் வேறொரு பட்டறையில் வேலை கிடைத்தது. ஒரு லைன் வீட்டுக்குக் குடிபோனோம். எனக்குப் பள்ளிக்கூடம் மாறியது. பழைய சிநேகிதிகள் போனார்கள். "எல்லாம் உன்னாலதான்" என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் சொன்னதை மன்னிக்கலாம். பதினேழு வயதிலும் சொன்னேன்.

இப்போது கணபதியில் அந்தப் பட்டறை இல்லை. இடித்துவிட்டு ஐந்து மாடிக் குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். ஆபீசர் மாற்றலாகிப் போன பிறகு அவர் பெயரைக்கூட யாரும் எடுப்பதில்லை. பெரியப்பா எண்பதைத் தாண்டிவிட்டார். விசேஷ வீடுகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அந்தக் காலத்துலயே குடும்பம் மொத்தத்தையும் தஞ்சாவூர் கூட்டிட்டுப் போனவனாக்கும்" என்று சொல்லுகிறார். யாரும் மறுப்பதில்லை, பந்திக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடுகிறார்கள். நானும்தான்.

போன டிசம்பரில் அலுவலகத் தோழிகள் ஐந்து பேரோடு கார் பிடித்து ஒருநாள் பயணமாக நானும் ஒருவழியாகத் தஞ்சாவூர் போய் வந்தேன். நடை திறந்திருந்தது. தோழிகள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார்கள், கோயிலுக்கு முதுகைக் காட்டித்தான். பெரியப்பாவாவது கோயிலைத் திரும்பிப் பார்த்து நின்று பொய் சொன்னார். அம்மாவையும் அழைத்திருந்தேன், முழங்கால் ஒத்துழைக்காது என்று வரவில்லை.

திரும்பி வந்தபின், சாப்பிடும்போது, முப்பது வருஷம் தாமதமாக அவளிடம் கேட்டேன். "அன்னிக்கு நடை தொறந்தப்புறம் உள்ள என்னம்மா பாத்தீங்க?"

"லிங்கம் பெருசா இருந்துச்சு. கூட்டம் தள்ளிப்போட்டுது. வெளிய வந்து செவுத்துல எழுத்தெல்லாம் பாத்தேன், பழைய எழுத்து, ஒண்ணும் படிக்கத் தெரியல." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தாள். "அதெல்லாம் இப்ப அவ்வளவா ஞாபகம் இல்ல கண்ணு. உங்கப்பா எங்கூட மூணு மணி நேரம் ஒக்காந்திருந்தாரு. எவனும் கூப்புடல, எங்கயும் ஓடல. சின்ன வயசுல பவானி ஆத்துல நீச்சப் பழகுனதையெல்லாம் சொல்லிட்டிருந்தாரு. எங்களுக்குக் கல்யாணமாகி பதிமூணு வருசம், அன்னிக்குத்தான் அவரு பேசிப் பாத்தேன்."

அப்பாவுக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் இறந்து ஆறு வருஷமாகிறது.