கற்பூரம் அடித்த கையால் போட்ட ஓட்டு

எனக்குப் பயம் புதிதில்லை. பாம்புக்குப் பயம், இடிக்குப் பயம், பேங்கிலிருந்து வரும் போனுக்கு ரொம்பவே பயம். ஆனால் போன பொதுத்தேர்தலில் நான் பட்ட பயம் வேறு ரகம். ஓட்டுப் போடப் போகிற இடத்தில் இப்படிப் பயப்படுவாய் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால், போடா போக்கத்தவனே என்று துரத்தியிருப்பேன்.

நாங்கள் இருப்பது கூலிம் பக்கத்தில் கரங்கான் என்ற ஊரில். ஃபேக்டரிகள் இருக்கும் கூலிம் ஹைடெக் பூங்காவுக்குப் பக்கத்துத் தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், எங்களுக்கு இன்னொரு வீடு உண்டு. என் வீட்டுக்காரர் ஃபேக்டரியை விட்டு வந்தபோது கிடைத்த பணத்தைப் போட்டு, மீதிக்குக் கடன் வாங்கி எடுத்த வீடு. அதில் நேபாளத்துப் பையன்கள் குடியிருந்தார்கள். ஃபேக்டரிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் மாதாமாதம் வாடகையைப் போட்டுவிடுவான். அதற்குள் என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று முறை கூலிமுக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். வாடகை வந்தால் மெஷின் ஓடும். எங்களை 'வீட்டு ஓனர்' என்று கூப்பிடுகிறவர்களுக்கு இந்த லட்சணம் தெரியாது.

பிரச்சாரம் சூடு பிடித்த வாரம், அந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்கப் போயிருந்தேன். தெருமுனையில் கூடாரம் போட்டு ஒரு வேட்பாளர் பேசிக்கொண்டிருந்தார். "நான் ஜெயிச்ச கையோட இந்தத் தாமான்ல ஒரு ஹாஸ்டல் வீடு இருக்காது" என்றார், வெளிநாட்டு ஆட்களைத் தங்க வைக்கும் எங்கள் வீடு மாதிரி வீடுகளைத்தான். தெருவே கை தட்டியது. பையன்களின் சப்பாத்துக் குவியலும், நைட் ஷிப்டு வேனின் சத்தமும் அவர்களுக்கு ஆகவில்லை. பக்கத்து வீட்டம்மா என்னையே பார்த்தாள். நானும் கை தட்டினேன். வேறென்ன செய்ய?

எங்கள் கோயிலில் லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் அதே தாமானில் வீடு உண்டு, அதுவும் ஹாஸ்டல்தான். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை அக்கா என்பார், கூடப்பிறந்தவள் மாதிரி பார்த்துக்கொள்வார். மறுநாள் சாப்பாட்டுக் கடையில் அவரைப் பிடித்தேன். முதலாளி பாய் காதில் விழாத மூலையில் உட்கார்ந்தோம்.

"அண்ணே, அந்த ஆளு பேசுனதக் கேட்டீங்களா?"

"கேட்டேன்க்கா. எதிர்ல நிக்கிறவன் ஹாஸ்டல் பத்தி வாயே தொறக்கல. நம்மள மாதிரி ஆளுக்கு அவந்தான் சரிப்படும். ஆனா வெளிய சொல்லிராதீங்க லா. கோயில்ல தோல உரிச்சிருவாங்க."

அங்கேதான் சிக்கல். எங்கள் முனீஸ்வரர் கோயில் நிற்பது எஸ்டேட் கம்பெனி நிலத்தில். எஸ்டேட்டை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு. நிலத்தைக் கோயில் பேருக்கு எழுதி வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் அதே வேட்பாளர்தான். அவர் வந்தால் கோயில் நிற்கும், என் வீடு காலியாகும்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் தலைவர் யாரையும் வெளியே விடவில்லை. தட்டில் கற்பூரத்தை ஏற்றி, "எல்லாரும் அவருக்குத்தான் ஓட்டுன்னு அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றார். ஒவ்வொருவராகப் போய் நெருப்பில் உள்ளங்கையை அடித்து அணைத்தார்கள். லோரி அண்ணன் சட்டென்று அடித்துவிட்டுத் திரும்பியே பார்க்காமல் போனார். என் முறை வந்தது. முனீஸ்வரர் சிலையின் கண்ணை நான் பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். அடித்தேன். கை சுட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர், "நான் அங்க இல்ல, அடிக்கவும் இல்ல. நான் மத்தவனுக்குப் போட்டுர்றேன், நீ சத்தியத்தக் காப்பாத்து" என்றார், ஏதோ கணக்கு நேராகிவிடும் என்பதுபோல. ஓட்டுப் போடும் நாள் காலை அவருக்கு மூச்சு வாங்கியது. எழுந்து உட்காரவே முடியவில்லை. என்னை மட்டும் போகச் சொன்னார்.

தமிழ்ப்பள்ளியில் ஓட்டு. வயதைப் பார்த்துத்தான் வரிசையைப் பிரிப்பார்கள். சாலுரான் என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தனி எண்ணிக்கை. வயசாளிகளின் சாலுரானில் முக்கால்வாசி எங்கள் கோயில் ஆட்கள். விரலில் மையைத் தடவிச் சீட்டைக் கொடுத்தார்கள். தடுப்புக்குப் பின்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தியத்தை மீறினால் முனி சும்மா விடாது, முதலில் என் வீட்டுக்காரரைத்தான் எடுக்கும். சத்தியத்தைக் காப்பாற்றினால் வாடகை நிற்கும், மெஷின் நிற்கும், அப்போதும் போவது அவர்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மனுஷன். "மக்சிக், சுடா?" என்று அதிகாரி மலாயில் கேட்டார், முடிந்ததா அம்மா என்று. கண்ணை இறுக்கிக்கொண்டு சாமி பக்கம் போட்டேன். சத்தியத்துக்குப் போட்ட ஓட்டு இல்லை, பயத்துக்குப் போட்ட ஓட்டு.

கோயிலுக்கு வாக்குக் கொடுத்தவரே ஜெயித்தார். மயிரிழையில் ஜெயித்தார். அந்த வாரமே ஏஜென்ட் போன் பண்ணினான். "கம்பெனிக்குப் பிரச்சனை வேணாமாம் ஆன்ட்டி. மாசக் கடைசியில ஆளுங்கள எடுத்துர்றோம்." என் வீட்டுக்காரரிடம் நான் மூச்சு விடவில்லை.

ஞாயிறு கோயிலில் கூட்டம். சந்தோஷமாக இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். தலைவர் முகம் கறுத்திருந்தது. சாலுரான் வாரியாக ஓட்டு விவரம் வந்திருந்ததாம். எங்கள் சாலுரானில் ஜெயித்தவருக்கு விழுந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய ஓட்டுகள். மற்ற ஊர்க்காரர்கள்தான் அவரை ஜெயிக்க வைத்திருக்கிறார்கள். இனி எந்த முகத்தோடு நிலத்தைக் கேட்பது?

"வாடகைக்கு வீடு விட்டிருக்காங்களே, அவங்க வேலதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயந்து பயந்து செத்தவளுக்கு இதுவா கூலி?

"ஏத்துங்க கற்பூரத்த! நான் அவருக்குத்தான் போட்டேன்னு திரும்ப அடிக்கிறேன். எனக்குப் பின்னாடி ஒவ்வொருத்தரா வாங்க, நீங்களும் அடிங்க!"

ஒருவரும் அசையவில்லை. ஒருத்தி முந்தானையைச் சரி செய்தாள். தலைவர் தரையைப் பார்த்தபடி, "விடுங்கக்கா, நடந்தது நடந்து போச்சு" என்றார். எங்களை அடிக்கச் சொன்னவரே அடிக்க வரவில்லை. அவருமா?

வெளியே லோரி அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, நெசமாவே அவனுக்கா போட்டீங்க?"

"ஆமாண்ணே. சாமிக்குப் பயந்துட்டேன்."

என் முகத்தையே பார்த்தார். "என் வீட்டையும் காலி பண்றாங்கக்கா. நூல் அளவுலதான் ஜெயிச்சான். உங்க ஓட்டும் அதுல இருக்கு." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எப்போதும் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் போவார்.

வெயிலில் நடந்தே வந்தேன். என் வீட்டுக்காரர் வாசல் நாற்காலியில் இருந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"கோயில்ல எல்லாருக்கும் சந்தோசமா?"

"சந்தோசம்தான்" என்றேன்.

"பாத்தியா, நீ சத்தியத்தக் காப்பாத்துன. இனிமே நமக்கு ஒரு கொறையும் வராது" என்று சொல்லி, மறுநாள் மெஷினுக்குப் போகப் போட வேண்டிய சட்டையை எடுத்து வைக்கச் சொன்னார்.